மாடசாமிக்கு நேர்ந்த குட்டி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுச் சபை ஒன்று, ஏழைகளைக் கவனிப்பது ஆண்டவர் கட்டளை என்று நம்பி, எங்கள் மூலமாக ஆடு வாங்கிக் கொடுத்துவந்தது. நான் படித்தது எம்.எஸ்.டபிள்யூ. ஊருக்குள் எனக்கு வாய்த்த பெயர் 'ஆட்டு சார்'.

திட்டத்தின் விதி எளிது. ஆடு வாங்கியவர், அது ஈனும் முதல் பெட்டைக்குட்டியை வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு அக்காவுக்கு ஆடு கொடுத்தோம். அடுத்து நின்றவள், புருஷன் திருப்பூருக்குப் போய்த் திரும்பாத ஒரு இளம்பெண். களையெடுப்பு இருந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். மழை பொய்த்தால் களையும் இல்லை. ஆடு சினைப்பட்ட நாளிலிருந்து தினமும் கருவேலங்குழை ஒடித்து வந்து போட்டாள். ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நிறைசினையில் ஆட்டுக்குக் கழிச்சல் கண்டது. நான் கால்நடை டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா நேரே மேலிடத்துக்கே போய்விட்டாள். "மாடசாமி, என் ஆடு பிழைச்சா தலைக்குட்டி உனக்குத்தான்" என்று ஊர்க்காவல் சாமியிடம் நேர்ந்துவிட்டாள். ஆடு பிழைத்தது. ஒரே ஒரு குட்டி போட்டது. அதுவும் பெட்டை!

"சாமிகிட்ட சொன்ன சொல்லை மாத்தினா குடும்பம் வெளங்குமா சார்? கிடாக்குட்டின்னு சொல்லியிருக்கணும். பதட்டத்துல வாயை விட்டுட்டேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் மேலாளர் அண்ணாச்சி உள்ளூர்ச் சபையில் மூப்பர். விஷயத்தைக் கேட்டதும் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"நம்ம ஆண்டவர் பேரால குடுத்த குட்டி மாடனுக்குப் போச்சுன்னு நான் எப்படி வே எழுதுவேன்?"

"மாடன்கிட்டயே கேட்டுப் பார்ப்போமா அண்ணாச்சி?"

"நீரு போயிட்டு வாரும். என் காதுல எதுவும் விழல."

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் சுடுகாட்டோரத்து மாடன் கோயிலில் கூடினோம். மற்ற நாட்களில் பருத்திக்கு மருந்தடிக்கப் போகும் சாமியாடி, அருள் வந்து குதித்துக்கொண்டிருந்தார். அக்கா குட்டியைப் பிடித்தபடி நின்றாள். சமரசம் பேசுவது எப்படி என்று கல்லூரியில் ஒரு தாள் முழுக்க எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். நான் அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த இளம்பெண்தான் முன்னால் வந்தாள்.

"நேர்ந்தது அவுக. ஓடியாடிப் பாத்தது நானு. நீ ஒரு நாளாவது இந்த ஆட்டுக்குக் குழை ஒடிச்சியா சாமி? எனக்கு முன்னால வரிசையில நின்னியா? என் பிள்ளைகளுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு, நீயே சொல்லு" என்று முள் கீறிய இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கொட்டு நின்றுவிட்டது. போச்சு, சாமி கோபத்தில் இனி யாரை அடிக்குமோ என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். சாமியாடி அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"தூக்கிட்டுப் போடி" என்றது சாமி. "அது வளர்ந்து ஈனட்டும். பொறவு எனக்குப் பாத்துக்கிடலாம்."

யாருக்கும் நன்றி சொல்லாமல் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் திருநீறு விழுந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அலுவலகத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப வரிசையில அடுத்தது யாரு வே?" என்றார் அண்ணாச்சி.

"மாடசாமி."

அவர் மேசையிலிருந்து புதிய விண்ணப்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். எழுதினேன். தொழில்: காவல். வருமானம்: இல்லை. நிலம்: சுடுகாட்டோரம், பட்டா கிடையாது. 'வறுமைக்குக் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"இதுல யோசிக்க என்ன வே இருக்கு? கைக்கு வந்ததை இல்லாதவளுக்குக் குடுத்துட்டாருன்னு எழுதும்."