கோபம் என்ற சொல்லே இல்லாத கவிதை

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஹவுன்ஸ்லோவின் நூலகத்தில் கவிதை வாசிப்பு. அமெரிக்காவிலிருந்து கறுப்பினப் பெண் கவிஞர் ஒருவர் வந்திருந்தார். நான் தவமணியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

தவமணி எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஷிப்ட் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை அயன் பண்ணுவாள். கவிதையில் ஆசையா என்ன? "அங்கை ஹீட்டர் இருக்குமோ அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோட்டை மாட்டினாள்.

ஹீட்டர் இருந்தது. வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம் படிந்து, தெருவில் போகும் பஸ்கள் சிவப்புச் சாயம் கரைந்ததுபோல நகர்ந்தன... கவிஞர் வாசிக்க, நான் தவமணியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதுதானே என் பிழைப்பு — அகதிகளுக்கும் வக்கீல்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது!

ஒரு கவிதையில் ஒரு கறுப்பினத் தாய். வெள்ளைக்காரர் வீட்டுச் சட்டைகளை அயன் பண்ணுகிறாள். ஒவ்வொரு சட்டையிலிருந்தும் ஆவி எழுந்து ஜன்னல் வழியே போகிறது. வருஷக்கணக்காக அது ஊருக்கு மேலே சேர்ந்து சேர்ந்து மேகமாகிறது. ஒருநாள் அவள் ஓட்டுப் போடப் போகிறாள். திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டை நோக்கி நடக்கிறாள்... மழை தொடங்குகிறது. ஊரிலுள்ள வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நனைகின்றன.

அவ்வளவுதான் கவிதை.

அந்த அறையே தரையை விட்டு எழும்பி மெல்ல மிதப்பதுபோல இருந்தது எனக்கு.

"அக்கா, கோவம் எண்டு ஒரு சொல்லும் வரேல்லையே?" என்றாள் தவமணி.

"ஓம், வரேல்லை."

"ஆனா மழை முழுக்கக் கோவம்தானே..."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்தக் கறுப்பினக் கவிஞர்களைக் கொஞ்சக் காலமாகப் படித்து வருகிறேன். அநீதி, ஒடுக்குமுறை — நாம் பாவித்துப் பாவித்துத் தேய்த்துவிட்ட சொற்கள். இவர்களில் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒரு கதிரையையோ பூட்டிய கதவையோ நம் முன்னே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். கவிதையில் வரும் பெண்ணை ஏன் அந்தக் கதிரையில் உட்கார விடவில்லை என்று நாமே கேட்கத் தொடங்குகிறோம். பிரசங்கம் பண்ணியிருந்தால் எழுந்து போயிருக்கமாட்டோமா?

அடுத்த செவ்வாய், வக்கீல் அலுவலகம். தவமணியின் அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எழுத வேண்டும். மொழிபெயர்க்க நான். முன்பே இரண்டு முறை போயிருந்தோம். கணவரைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "ஆமிக்காரர் மறிச்சுப் பிடிச்சவங்கள். பிறகு காணேல்லை." அதற்கு மேல் வாய் திறக்காது. இது போதாதே என்று அந்த ஆங்கிலேய வக்கீல் அம்மா கவலைப்படுவார்.

அன்றும் அதே கேள்வி. தவமணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவரைச் சைக்கிளாலை இறக்கிக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். சைக்கிளை என்னட்டைத் தந்து, போ எண்டாங்கள். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. உருட்டிக்கொண்டு நாலு மைல் நடந்தன். ரோட்டெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலையும் மணி தானா அடிக்கும். அவர்தான் பின்னாலை வந்து கூப்பிடுறார் எண்டு ஒவ்வொருக்காலும் திரும்பிப் பார்த்தன்."

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். மணி வரைக்கும் வந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வக்கீல் அம்மா கண்டிக்கவில்லை. அவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எந்த இடம், என்ன நேரம், அவர் என்ன சட்டை போட்டிருந்தார்... எழுதி முடிக்க நான்கு பக்கம். விண்ணப்பம் போய்விட்டது. முடிவு வர எத்தனை மாதமோ, என்ன முடிவோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது தவமணி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்கோ அக்கா. என்ரை பேரை மாத்திப் போடுங்கோ. அவரின்ரை பேரை மட்டும் மாத்தாதேங்கோ."

அவர் பெயர் குணபாலன்.