வழிமொழிய ஒருவர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பெண்கள் தேநீர் பரிமாறுவோம். நிர்வாகத்துக்கு ஆண்களே தெரிவாவார்கள். சென்ற ஆண்டு முன்பள்ளி ஆசிரியையைத் தலைவராக்க அவரது தம்பி முன்மொழிந்தார்.

"வழிமொழிய ஆரும் இருக்கினமோ?" என்று பழைய தலைவர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. "அப்ப விடுவம். பிள்ளை, நீ தேத்தண்ணியைப் பார்" என்று ஆசிரியையிடம் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத நான், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் வழிமொழியிறன்" என்றேன்.

"ஆர் கதைச்சது?" என்றார் தலைவர். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன்.

கை உயர்த்தி நடந்த வாக்கெடுப்பில் ஆசிரியை நாலு வாக்குகளால் தோற்றார். வீட்டுக்குத் திரும்பும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த கணவர் கோபமாயிருப்பார் என்று பயந்து அவருக்குப் பின்னால் நடந்தேன்.

"நானும் அவவுக்குத்தான் கை உயர்த்தினனான். நீ பாக்கேல்லையே?" என்றார் அவர்.