சக்கரம் மட்டும் தரையில் நின்றது

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டு மலை சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதிர்வு தாங்கும் அதன் முன் ஃபோர்க்குக்குள் இருந்த ரப்பர் கட்டைகள் பொடிந்துபோயிருந்தன. கொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கொச்சங்காடியில் சைக்கிள் கடை வைத்திருந்த கபீர், “அந்தக் கம்பெனியே பூட்டிப்போச்சு சேட்டா, பார்ட்ஸ் எங்கயும் கிட்டாது” என்றார். இருவருமாக லாரி ரப்பரை வெட்டி உள்ளே வைத்து, அடியில் போல்ட்டை முறுக்கினோம். வண்டி நன்றாகவே ஓடியது.

மறுநாள் ஆறு வயது மகளை முன்கம்பியில் உட்காரவைத்து, லாரிகளுக்கு நடுவே பாலத்திலிருந்து வேகமாக இறங்கி வந்தேன். சுள்ளிக்கல்லில் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, படியேற்ற ஹேண்டில்பாரைத் தூக்கினேன். அது காற்றுப்போல எழும்பியது. ஃபோர்க்கின் கீழ்ப்பாதி சக்கரத்தோடு தரையிலேயே நின்றது.

“அப்பா, சக்கரம் எந்தா வரல்லே?” என்றாள் மகள்.

குனிந்து ஃபோர்க்குக்குள் பார்த்தேன். ரப்பர் நீளமாக இருந்ததால், இரு பாதிகளையும் சேர்க்கும் போல்ட் நுனியளவுதான் பிடித்திருந்து, வழியில் கழன்றிருக்கிறது.

அன்றே சாதா ஃபோர்க் மாட்டினோம். கனவில் மட்டும் அந்த ஹேண்டில்பார் பாலத்தின் நடுவில் கையோடு வருகிறது, முன்கம்பியில் மகள் இருக்கிறாள்.

இப்போது அவள் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிறாள். தினமும் முன்சக்கரத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்த பிறகே அவளை ஏற விடுகிறேன். நேரமாச்சு என்று அவள் முணுமுணுத்தாலும் கேட்பதில்லை.