அதிராம்பட்டினம் வரை கிளட்ச் இல்லாமல்

காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் என் வீட்டுக் கொட்டகையிலிருந்து புறப்பட்டோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக அதிராம்பட்டினம் போக வேண்டும். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வண்டி, இங்கிலாந்தில் செய்த சிவப்பு நிறத் திறந்த கார். இருவருக்கு மேல் இடமில்லை. ஓட்டியவன் நான், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். பக்கத்தில் நஜீர், துபாயில் துணிக்கடை வைத்திருப்பவர்.

கார் நஜீரின் மாமனார் காசிமுடையது. அவர் கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. தஞ்சாவூர்க் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊரான அதிராம்பட்டினத்துக்குத் திரும்பும்போது, "சும்மா நின்னா கெட்டுடும். ஓட்டிக்கிட்டிருங்க வாத்தியாரே" என்று சாவியை நண்பனான என்னிடம் கொடுத்தார். அவர் இறந்தபின் கார் மகள் ஜமீலாவுக்கு வந்தது. நஜீரோ புது மாருதி வாங்கியிருந்தார். வீட்டில் ஒரு வண்டிக்குத்தான் கூரை. வாப்பாவின் காரை விற்க ஜமீலா சம்மதிக்கவில்லை. கடைசியில் நஜீர் ஒரு நிபந்தனை போட்டார்: யாரும் இழுக்காமல், தள்ளாமல் தஞ்சாவூரிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டால் கார் இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்றுவிடுவது. சாட்சியாக அவரே ஏறிக்கொண்டார்.

"எதிர வர்ற பஸ்ஸுல டயர் மட்டும்தான் தெரியுது சார். இது காரா, குளிக்கிற தொட்டியா?" என்றார் பெரிய கோயிலைத் தாண்டும்போதே.

சிக்னலில் நின்றதும் எஞ்சின் கத்தியது. "நிக்கும்போது எதுக்கு இந்தக் கத்து கத்துது?"

"பழைய வண்டி. காலையில அப்படித்தான்" என்றேன். அது பொய்.

இந்த வகைப் பழைய கார்களில் கிளட்ச் பெடலை மிதித்தால் உள்ளே ஒரு கரி வளையம் போய் அழுத்தும். மிதித்த நேரமெல்லாம் அது தேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் காசிம் சாவியோடு ஒரு வார்த்தையும் சொன்னார்: "நின்னா நியூட்ரல். காலு தரையில." பெரியவரின் வீண் கவலை என்று நினைத்தேன். பல வருஷம் இடது காலைப் பெடல்மேல் வைத்தபடியே ஓட்டினேன். கரி தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கின. அதன்பின் பெடலை மிதித்தாலே, நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினின் வேகம் விழுந்து வண்டி அணைந்துவிடும். நான் ஒரு திருகாணியைத் திருகி அந்த வேகத்தை ஏற்றிவைத்தேன். சத்தம் கூடியது, குறை மறைந்தது. ஜமீலாவிடம் சொல்லவில்லை. நான் செய்ததில் மோசமானது அதுதான்.

எட்டே கால் மணிக்கு ஒரத்தநாட்டில் டீ. ஒன்றரை ரூபாய், நஜீர் காசு கொடுத்தார். திரும்ப எடுக்கும்போது பெடலுக்கடியில் கரகரவென்று சத்தம்.

"துபாயில சூப்பர் மார்க்கெட்டுல ஒரு தள்ளுவண்டி இருக்கும். அதுக்கும் சத்தம் வராது" என்றார்.

கல்லணைக் கால்வாயைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகள் மிதித்தால் நெற்று உடைந்துவிடும். அடிக்கிற வேலை மிச்சம். மற்ற வண்டிகளுக்கு அது சாலை, எங்களுக்கு வைக்கோல்போர். நின்றால் மறுபடி கிளம்புமா என்ற பயத்தில் நிற்காமல் விட்டேன். வண்டியின் அடிவயிறு செடியையெல்லாம் வாரிக்கொண்டு போனது. முறத்தோடு நின்ற அம்மாள் ஓடிவந்தார்.

"அய்யா, நல்லா மிதிக்குதுங்க! இன்னொரு சுத்து வந்துட்டுப் போங்க!"

நஜீர் முதல்முறையாகச் சிரித்தார்.

பட்டுக்கோட்டைக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கிளட்ச் போய்விட்டது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை நியூட்ரலுக்கு வழுக்கவிட்டு, எஞ்சின் சத்தம் இறங்கி வரும்வரை காத்திருந்து அடுத்த கியருக்குள் தள்ளினேன். முதல் தடவை பல்லை நறநறவென்று கடித்தது. இரண்டாம் தடவை வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. கடைத்தெரு முழுவதையும் ஹாரன் அடித்தபடி, எங்கும் நிற்காமல், கிளட்ச் இல்லாமல் கடந்தேன். அந்த வயதில் அப்படி ஒரு குதூகலம் எனக்கு வந்ததில்லை.

ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது.

நியூட்ரலில் நின்றோம். ரயில் போனது; கேட் திறந்தது. ஓடுகிற எஞ்சினோடு கியர் விழாது. அணைத்து, கியரில் போட்டு, செல்ஃப் அடித்தேன். பேட்டரிக்கு வண்டியை நகர்த்தும் தெம்பில்லை. ஒரு முனகல், அவ்வளவுதான்.

"நஜீர், கிளட்ச் வயசால போகல, என் காலால போச்சு. உங்க மாமனார் சொன்னதை நான் கேக்கல. அது தெரியக் கூடாதுன்னுதான் எஞ்சினைக் கத்த வச்சிருந்தேன். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பஸ் ஹாரன். கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யாருய்யா இது? பழைய இரும்புக் கடைக்குப் போறதை நடுரோட்டுல நிப்பாட்டிக்கிட்டு!"

நஜீர் எழுந்து நின்றார். "யாரு இரும்புக் கடைன்னது? கொழும்புலேர்ந்து கப்பல்ல வந்த வண்டி. எங்க மாமா வண்டி. என் வண்டி! வாயை விட்டுட்டுக் கைய குடு, தள்ளு!" என்று குதித்து இறங்கித் தானும் கை வைத்தார்.

"சார் துபாயா?" என்றார் கண்டக்டர், நஜீரின் தங்கக் கடிகாரத்தைப் பார்த்து, தானும் கை வைத்தபடியே. "அங்கயும் தள்ளத்தானா போனீங்க?"

பஸ்ஸிலிருந்து இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள். இரண்டாம் கியரில் போட்டேன். அவர்கள் தள்ள, நான் செல்ஃப் அடிக்க, வண்டி ஒரு குதி குதித்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிற்க முடியாது. நஜீர் பக்கத்திலேயே ஓடிவந்து, கதவைத் திறக்காமலே தாவி உள்ளே விழுந்தார். ஒரு செருப்பு கேட்டோடு நின்றுவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"போங்க சார், போங்க!" என்று கத்தினார் நஜீர்.

பதினோரு மணிக்கு, தென்னந்தோப்புகளைக் கடந்து, கடல் காற்று முகத்தில் அடிக்க அதிராம்பட்டினம். ஜமீலா வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். நேராக உள்ளே விட்டு, கூரைக்கடியில் எஞ்சினை அணைத்தேன்.

"தள்ளலையே?" என்றாள், புருஷனின் வெறுங்காலைப் பார்த்து.

"தள்ளுனோம். நான்தான் தள்ளுனேன். கண்டிஷன் போட்டதும் நான்தானே? அதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். மாருதி மரத்தடியில நிக்கட்டும்."

அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் முந்தானையால் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாவுக்குத் தெரியும் மாமா. கடைசியா தஞ்சாவூர்ல உங்ககூட வண்டியில ஏறிட்டு வந்து சொன்னாங்க. 'வாத்தியார் காலு பெடல்லயே குடியிருக்கு. சொன்னா சங்கடப்படுவார், ஓட்டட்டும்'னு."

மீன் குழம்பை அங்கே ஆணம் என்பார்கள்; அதை ஊற்றிச் சோறு போட்டார்கள்.

மாலையில் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். டிரைவருக்குப் பின் சீட். அதே கேட் மூடியிருந்தது. டிரைவர் நியூட்ரலில் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். நான் குனிந்து என் இடது காலைப் பார்த்தேன். அது முன் சீட்டின் கம்பிமேல் ஏறியிருந்தது. எடுத்துத் தரையில் வைத்தேன்.