மரிய ஜோசப்பின் ஒருசந்தி

பட்டினி கிடக்கிற மனுஷனைப் பார்த்துப் பெருமைப்படுகிற வீடு உண்டா? கடலூர் முதுநகரில் ஒன்று இருந்தது. கண்டக்டர் மரிய ஜோசப்பின் வீடு.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருஷமாக விசில் ஊதுகிறவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கீரப்பாளையத்தில் சாப்பிட்ட ஒரு கல்யாண விருந்து வயிற்றைக் கெடுத்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேதி நின்றது, வலி நிற்கவில்லை. எதையாவது தின்றுவிட்டு வண்டி ஏறினால், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் குடலை முறுக்கிப் பிழியும். நிறைந்த வண்டியை நிறுத்திவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடுகிற கண்டக்டரை யார் சும்மா விடுவார்கள்? டிரைவர் செந்தமிழ்செல்வன், "மாமா, எடம் பாத்து வச்சிருக்கியா, நிறுத்தட்டா?" என்று கேட்பான். பஸ்ஸே சிரிக்கும். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் பொய்க்காரராகிவிட்டார்; அதற்குப் பிறகு வலியைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

அதனால் வேலைக்குப் போகும் நாளில் ராத்திரி வரைக்கும் சாப்பிடுவதையே விட்டார். வெறும் தண்ணீர், அவ்வளவுதான். மனைவி இன்னாசிமேரி தட்டோடு வந்து ஏன் என்று கேட்டபோது, வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "ஒருசந்தி." ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதற்குக் கோயில் ஜனங்கள் சொல்லும் பெயர் அது. அப்போது தவக்காலம்கூட இல்லை. ஆனால் இன்னாசிமேரி தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். மகள் சகாய பிரியாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதற்காக அப்பா நேர்ச்சை வைத்திருக்கிறார்!

அவர் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும், பாவி மனுஷன். இந்த வருஷம் பிரியா முழுகாமல் இருந்தாள். போனில் அழுதாள். "ஒன் பட்டினிதாம்ப்பா எனக்குப் புள்ள குடுத்துது. பொறக்கிற வரைக்கும் உட்றாதப்பா." அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது? பதினோரு கிலோ இறங்கினார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

மகளுக்கு ஏழாம் மாதம். சிதம்பரம் பஸ் நிலையத்தில் படிக்கட்டிலிருந்து இறங்கும்போது ஜோசப் மயங்கி விழுந்தார். கேலி பேசின அதே செந்தமிழ்செல்வன்தான் பதறிப்போய் அவரை டாக்டர் பவானியிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தம்மா பழைய ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிவிட்டு, "வலி நெஜம்தான்" என்றார். ஜோசப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொடல் சுவத்துக்குள்ளயே ஏராளமா நரம்பு இருக்கு. மூளையக் கேக்காமலே பாதி வேலைய அதுவே பாத்துக்கும். உள்தோல் ஒங்கள மாதிரி கண்டக்டரு. உள்ள என்ன ஏறியிருக்குன்னு பாத்து விசில் குடுக்கும். நரம்பு டிரைவரு. தசைக்கு இறுக்குன்னும், உள்தோலுக்குத் தண்ணிய வுடுன்னும் திருப்பிச் சொல்லும். அன்னிக்கு உள்தோல் புண்ணாச்சு. அது ஆறிடுச்சு, அதான் குழாய்ல ஒண்ணும் தெரியல. ஆனா நரம்புக்கு இன்னும் பதட்டம் அடங்கல. சின்ன விசிலுக்கும் சடன் பிரேக் போடுது. நீங்க பயந்தீங்கன்னா இன்னும் ஜாஸ்தியாவும். மருந்து தரேன். ஆனா பட்டினி கூடவே கூடாது. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும்."

"கொழந்த பொறந்துடட்டும், டாக்டர்."

"அது வரைக்கும் ஒங்க ஒடம்பு தாங்காது."

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேர்ச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றுக்குப் பயந்த பட்டினி. பட்டினியை விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைக்கிறாளோ என்று இன்னாசிமேரியின் முகத்தையே பார்த்தார்.

"மூணு வருஷமாப் பக்கத்துலதான படுத்துக் கெடந்தேன்? வலிக்குதுன்னு ஒரு வார்த்த வரலியா ஒங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. "கோயில்ல அத்தன பேருகிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே. நீங்க எளைக்க எளைக்க எனக்கு சந்தோஷமா இருந்துச்சே, சேசுவே!"

"பிரியாகிட்ட..."

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். புள்ளையக் குடுத்தது ஆண்டவரு, ஒங்க கொடலு இல்ல."

குழைந்த சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டுவந்து வைத்தாள். நாலு வாய் இறங்கியதும் வழக்கம்போல முறுக்கியது. எழுந்து கொல்லைப்பக்கம் போகப் பார்த்தவர், அவளைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"வலிக்குது, மேரி."

தட்டை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க, காட்டுங்க" என்று வயிற்றில் கை வைத்தாள்.