கிராஷ் ஆக மறுக்கும் சர்வர்

நிலக்கோட்டையில் பாண்டி அண்ணனின் பூ கமிஷன் கடை. மல்லிகை வரவு, எடை, பில் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். ஒரு வாரமாக அது திடீர் திடீரென்று கிராஷ் ஆகிறது என்று சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்.

காரணம் தெரிய வேண்டுமானால், கிராஷ் ஆகும் நொடியில் மெமரியில் இருந்ததைப் பிடித்துவைக்கும் கேடம்ப் சர்வீஸ் ஓட வேண்டும். இன்று காலை போய்ப் பார்த்தால் அதுவே ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்கென்று யாரும் மெமரி ஒதுக்கவில்லை. பூட் செட்டிங்கில் ஒதுக்கினேன். ஆனால் மிஷினை அணைத்துப் போட்டால்தான் அது நடப்புக்கு வரும்.

"அண்ணே, ஒரே ஒரு ரீபூட் பண்ணணும்."

"வெளையாடுறியா தம்பி? வேன் கெளம்புற நேரம். ஓடுற மிஷின எவனாச்சும் அணைப்பானா?"

சரியென்று காத்திருந்தேன். சிறிது நேரத்தில் மிஷின் தானாகவே கிராஷ் ஆனது. கடையில் ஒரே கூச்சல். அண்ணனே ஓடிவந்து பட்டனை அமுக்கினார்.

சர்வர் எழுந்து வந்ததும் பார்த்தேன். கேடம்ப் ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் நடந்த கிராஷுக்குத் தடயமே இல்லை. அந்த நேரம் கேடம்ப் ஓடவில்லையே!

இன்னும் ஒரு தடவை சர்வர் விழுந்தால் போதும், காரணத்தைப் பிடித்துவிடலாம். வேன் போய், மதியமும் ஆகிவிட்டது. விழவே மாட்டேன் என்கிறது.

டீயை நீட்டியபடி அண்ணன் சொல்கிறார்: "நீ கைய வச்சதுல சரியாயிருச்சு தம்பி. நாளைக்கும் வந்து செத்த நேரம் பக்கத்துல உக்காந்துட்டுப் போ."

'சர்வருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது' என்று பில் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.