அட்டையில் அச்சான பெயர்

தமிழ்மாறனைப் பற்றி யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் பெனடிக்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடிய மனுஷன் தமிழ்மாறன். போன வருஷம் இறந்துபோனார். முதல் கேசட் எந்த வருஷம், எந்தப் பாட்டு எந்தப் பக்கம், எல்லாம் ஒத்தக்கடையில் இருக்கும் இந்த ரிட்டயர்டு பள்ளிக்கூட கிளார்க்குக்கு விரல்நுனியில்.

ஒரே ஒரு தப்பை மட்டும் அவர் திருத்தவேயில்லை. அந்த முதல் கேசட்டின் கடைசிப் பாட்டில் தமிழ்மாறனோடு சேர்ந்து பாடியது பெனடிக்ட் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குள் கேசட் கடைக்கு வர வேண்டுமென்று, பாட்டைப் பதிவதற்கு முன்பே சிவகாசியில் அட்டையை அடித்து வாங்கிவிட்டார்கள். பதிவு அன்றைக்குப் பார்த்து, பெனடிக்டுக்குப் பாழாய்ப்போன தொண்டை கட்டிக்கொண்டது. டோலக் அடிக்க மேலூரிலிருந்து வந்திருந்த சுருளியை மைக் முன்னால் நிறுத்தினார் தமிழ்மாறன். படுபாவி, ஒரே டேக்கில் உருக்கிவிட்டான்.

முப்பது வருஷமாகப் பாராட்டெல்லாம் பெனடிக்டுக்குத்தான். "என்னா கொரல்ணே ஒங்களுக்கு" என்று எவனாவது கையைப் பிடித்தால் சிரித்துவைப்பார்; வயிறு பற்றி எரியும். பத்து நாள் ஒத்திகை பார்த்தது இவர், பாடிவிட்டுப் போனது அவன். அந்தச் சுருளியோ இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தமிழ்மாறனைப் பற்றிப் புத்தகம் எழுதும் கல்லூரி ஆசிரியை ஜெனிஷா, பாட்டுப் பட்டியலோடு வந்து உட்கார்ந்தாள். வருஷங்களில் இருந்த மூன்று தப்பைத் திருத்திக் கொடுத்தார். பிறகு அவள் அந்தக் கடைசிப் பாட்டைப் போனில் ஓடவிட்டாள்.

"சார், இதுல நீங்க தமிழ்மாறனயே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க. அட்டையில இருக்கறபடி ஒங்க பேரயே போட்டுட்டேன், சரிதான?"

ஆமாம் என்றால் முடிந்தது. போனில் சுருளி உருகிக்கொண்டிருந்தான். தன் பெயர் புத்தகத்திலும் ஏறிவிட்டால் சாகும்வரை அவன் குரலுக்குத் தான் பல்லைக் காட்ட வேண்டும். பெனடிக்டுக்குப் பொறுக்கவில்லை.

"அத நிறுத்தும்மா. அது நானில்ல, சுருளி. மேலூர்க்காரன், டோலக் அடிக்க வந்தவன். எனக்கு அன்னைக்குத் தொண்ட கட்டிருச்சு."

ஜெனிஷா அவர் பெயரை அடித்துவிட்டுச் சுருளி என்று எழுதினாள். பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப ஒங்க கொரல் எந்தப் பாட்டுல சார் வருது?"

"எதுலயும் இல்லம்மா. அவன் பாடுனதக் கேட்டப்பறம் அவரு என்னயக் கூப்பிடவேயில்ல."